கழுவாத காந்தக் குச்சி

பேராசிரியர் ஞானதிரவியத்துக்கு அன்று விழுந்த சால்வைகளை வைத்து ஒரு சின்ன ஜவுளிக்கடை திறந்திருக்கலாம். துணைவேந்தர் போர்த்தினார். அமைச்சர் வர முடியாததால் அமைச்சரின் உதவியாளர் இரண்டு முறை போர்த்தினார். ஆய்வு மாணவர்கள் வரிசையில் நின்று போர்த்தினார்கள். அவர்களுடைய ஆய்வேடுகள் பேராசிரியரின் மேசையில் படிக்கப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தன, அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் 'புளிக்கரைசலில் மருந்து கண்ட பசுமைத் தந்தை' என்று எழுதி, அவர் தலைக்குப் பின்னால் ஒரு மரத்தையும் வரைந்திருந்தார்கள். அது புளியமரம் இல்லை, அரசமரம். வேதியியல் துறை மொத்தமும் அங்கே உட்கார்ந்திருந்தது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாம் வரிசையில் செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மாதிரி விழாக்களில் கை தட்டுவதில்லை என்பது அவள் கொள்கை. மருந்துச் சோதனைக் கூடத்தில் அதிகாரி என்பதால் அழைத்திருந்தார்கள். பதாகையில் இருந்த கண்டுபிடிப்பை பதினைந்து வருடத்துக்கு முன்பு ராத்திரி பகல் பாராமல் தன் கையால் செய்தவள் அவள்தான் என்பது மேடையில் இருந்த ஒருவருக்குத்தான் தெரியும், அவர் இப்போது ஏழாவது சால்வைக்குக் குனிந்துகொண்டிருந்தார்.

அந்தக் கண்டுபிடிப்பு இதுதான். வலிப்புக்குக் கொடுக்கும் நிவசோல் என்ற மருந்தைப் பழைய தொழிற்சாலையில் விலை உயர்ந்த உலோகமும், பீப்பாய் பீப்பாயாக நெடி அடிக்கும் கரைப்பான்களும் ஊற்றித்தான் செய்தார்கள். ஞானதிரவியத்தின் கூடத்தில் அதையே வெறும் தண்ணீரிலும் புளிக்கரைசலிலும் செய்து காட்டினார்கள். உலோகம் இல்லை, கரைப்பான் இல்லை, கழிவு இல்லை. போன வருடம் அரசாங்கம் அதைக் காட்டித் தூய வேதியியல் சட்டம் கொண்டுவந்தது. மருந்தில் உலோகம் கலந்து செய்யக்கூடாது, கரைப்பான் கூடாது என்று சட்டம். சட்டத்துக்கு ஒரு சாதனை தேவைப்பட்டது, சாதனைக்கு ஒரு தந்தை தேவைப்பட்டார். பழைய தொழிற்சாலையைப் பூட்டினார்கள். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் குளிர்பதனப் பெட்டி அளவுக்கு ஒரு பசுமைப் பெட்டி வந்தது. மேலே தண்ணீரும் புளியும் மூலப்பொருளும் போட்டால் கீழே மாத்திரை விழும். மருத்துவமனை வாசலில் அதற்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள்.

ஏற்புரை ஆற்ற ஞானதிரவியம் ஒலிபெருக்கியைத் தட்டிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லியின் கைபேசி அதிர்ந்தது. அவள் கணவன் சீனிராஜின் டியூஷனில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா பேசினாள்.

"அக்கா, சார் பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாரு. கையி காலு வெட்டுது. ஆட்டோல ஏத்திட்டோம், நீங்க நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க."

ஒன்பது வருடமாக சீனிராஜுக்கு வலிப்பு வந்ததில்லை. காலையில் ஒரு நிவசோல், ராத்திரி ஒரு நிவசோல், பைக்கில் போவான், கிணற்றில் நீந்துவான், கணக்கு நடத்துவான். பழைய தொழிற்சாலை மாத்திரைகள் கடைசியாகத் தீர்ந்து, பெட்டி மாத்திரைக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் அவளிடம் மிகுந்த கருணையோடு பேசினார். "மாத்திரைய ஒழுங்கா நேரத்துக்குப் போடுறாராம்மா? நிறையப் பேரு மறந்துடுறாங்க. இந்த மாசம் இதே மாதிரி ஏகப்பட்ட கேஸ். சுற்றறிக்கையே வந்துருக்கு, நோயாளிகளுக்கு அறிவுரை சொல்லணும்னு."

"மாத்திரைய நான்தான் எடுத்துக் குடுக்கேன்," என்றாள். டாக்டர் அதையும் கருணையோடு கேட்டுக்கொண்டார். சுற்றறிக்கை இருக்கும்போது மனைவி சொல்வது எடுபடுமா?

மறுநாள் அவள் அந்த மாத்திரையைத் தன் கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பெரிய கருவியில் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தபோது சீனிராஜ் கட்டிலில் உட்கார்ந்து, கடித்துக்கொண்ட நாக்கோடு இட்லியைத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன, புளிச்சிருச்சா?" என்றான்.

"மருந்தே இல்ல அது."

"விளங்குற மாதிரி சொல்லு. நான் கணக்கு வாத்தியாருதான்."

"அஞ்சு பேரு கையக் கோத்து வட்டமா நிக்காங்கன்னு வைங்க. மூணு பேரு கார்பன், ரெண்டு பேரு நைட்ரஜன். ஒரே இனமா இல்லாம வேற வேற ஆளு சேந்து நிக்கிறதால பல்லின வளையம்னு பேரு. பாதி மருந்து இந்த மாதிரி வளையந்தான். வட்டம் முழுசா மூடுனாத்தான் மூளையில போயி சரியான எடத்துல உக்காரும். இதுல கடைசி ரெண்டு கை கோக்கல. வட்டமா இல்ல, வரிசையா நிக்குது."

"பெட்டிக்குள்ளயே சோதிக்கும்னு சொன்னாகளே. பச்சை லைட்டெல்லாம் எரியுதே."

"அது நைட்ரஜன் இருக்கான்னு மட்டும் பாக்கும். வரிசையில நின்னாலும் நைட்ரஜன் நைட்ரஜன்தான. லைட்டு எரியும்."

சீனிராஜ் சிரித்தான். நாக்கு வலித்ததால் பாதியில் நிறுத்தினான். "வருகைப்பதிவு மட்டும் எடுத்துட்டுப் பாஸ் போடுற பள்ளிக்கூடம்," என்றான்.

செண்பகவல்லி மேலிடத்துக்கு எழுதினாள். மேலிடம் உடனே ஒரு குழு அமைத்தது. குழுத் தலைவர் வேறு யார், ஞானதிரவியம்தான். அவர் தீவிரமாக யோசித்து, குற்றம் புளியின் மேல் என்று முடிவு செய்தார். கொட்டை எடுத்த புளியா, எடுக்காத புளியா, இந்த வருடத்துப் புளியா, பழம்புளியா, சேலத்துப் புளியா, தர்மபுரிப் புளியா என்று நாட்டின் தலைசிறந்த கரிம வேதியியலாளர்கள் ஊர் ஊராகக் காரில் போய் மண்டிகளில் புளியை நக்கிப் பார்த்தார்கள். ரசம் வைக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த வேலையாவது உருப்படியாக நடந்திருக்கும். செண்பகவல்லிக்கு வந்த எரிச்சலில் சொந்தப் பட்டத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அதற்குள் சீனிராஜுக்கு இன்னும் இரண்டு முறை வந்துவிட்டது. ஒருமுறை குளியலறையில். தாழ்ப்பாளை அவளே கழற்றி எடுத்தாள். பைக் சாவியை ஒளித்து வைத்தாள். மாற்று மாத்திரைகள் அவனுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு வேலை செய்தது நிவசோல் ஒன்றுதான். அடுத்தது எப்போது, எங்கே என்ற பயத்தில் அவள் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மணிக்கொருதரம் வீட்டுக்குப் போன் போட்டாள்.

டியூஷனும் நின்றுபோய் வெளியே போக முடியாத மனிதன் என்ன செய்வான்? அடுப்படிக்குள் புகுந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கல்லை ஸ்டீல் நார் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கி அடுப்பில் வைத்தான். ஊற்றிய தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டினான். துண்டு துண்டாக வந்தது. அடுத்ததும் அப்படியே.

"மாவு சரியில்ல செண்பா," என்றான். "அரிசி மாத்திட்டியா? உளுந்து கொறஞ்சு போச்சோ?"

"மாவுல ஒண்ணுமில்ல. நேத்து அதே மாவுலதான சுட்டோம். பழகுன கல்ல யாராவது இப்படித் தேய்ப்பாங்களா? கல்லுதான்..." என்று சொல்லி வந்தவள் நிறுத்தினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் யுனிவர்சிட்டி வரைக்கும் போயிட்டு வாரேன். நீங்க தனியா இருக்காதீங்க, பக்கத்து வீட்டுல போயி உக்காருங்க, அண்ணன் இருப்பாரு."

திரவத்தைக் கலக்குவதற்குக் குடுவைக்குள் ஒரு சின்னக் காந்தக் குச்சியைப் போடுவார்கள். வெள்ளையாக, மாத்திரை வடிவத்தில், விரல்கணு அளவுக்கு இருக்கும். கீழே இன்னொரு காந்தம் சுற்றினால் இதுவும் உள்ளே சுற்றும். பசுமைப் பெட்டிக்குள்ளும் கலக்குவது இதே மாதிரிக் குச்சிதான். ஞானதிரவியத்தின் கூடத்தில் புதுக் குச்சி வேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்க வேண்டும். அவரிடம் போய் நிற்பதற்குப் பதில் ஸ்பூனால் கலக்கிவிடலாம். அதனால் பழைய குச்சிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். சீனியர் போட்டதை ஜூனியர் எடுப்பான், பேருக்கு ஒரு அலசு அலசி அடுத்த குடுவையில் போடுவான். தேய்த்துக் கழுவுகிற பழக்கம் அந்தத் துறைக்கே கிடையாது. வெள்ளைக் குச்சி கறுத்துப்போய், உடம்பெல்லாம் கீறலோடு, கைமாறிக்கொண்டே இருக்கும். செண்பகவல்லிக்குக் கிடைத்த குச்சியை அதற்கு முன்னால் ஐந்து வருடம் வைத்திருந்த சீனியர் பல்லேடியம் என்ற உலோகத்தை வைத்து ஆராய்ச்சி செய்தவர். தங்கத்தோடு போட்டி போடும் விலை, வளையங்களை மூடுவதில் கைதேர்ந்தது. பழைய தொழிற்சாலை பயன்படுத்தியதும் அதைத்தான்.

டப்பா அதே இடத்தில் இருந்தது. அவள் இரண்டு குடுவை வைத்தாள். ஒரே தண்ணீர், ஒரே புளி. ஒன்றில் கறுத்த பழைய குச்சி, ஒன்றில் அப்போதுதான் உறை பிரித்த புதுக் குச்சி. பழையதில் வளையம் மூடியது. புதியதில் புளித்தண்ணீர் புளித்தண்ணீராகவே இருந்தது. குச்சியின் கீறலைச் சுரண்டிச் சோதித்தாள். பல்லேடியம்.

அவள் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். உலகத்தையே பசுமையாக்க வந்த முறை, பாத்திரம் ஒழுங்காகக் கழுவாததால் வந்த முறை. ஞானதிரவியம் ஆய்வுக்குழுவுக்குக் காட்டிய முதல் பெட்டியில் இந்த டப்பாக் குச்சிதான் சுற்றியிருக்கும், அது பாஸாகிவிட்டது. அப்புறம் தொழிற்சாலையில் செய்த பெட்டிகளுக்கெல்லாம் புத்தம் புதுக் குச்சி போட்டிருப்பார்கள். சிரிப்பு அடங்கியபோது, தன் ஆய்வேட்டின் தலைப்பிலேயே 'உலோகமற்ற' என்ற சொல் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னையில் கூட்டம் நடந்தது. குளிரூட்டிய அறை, முந்திரி, பாதாம், ஆளுக்கொரு துளசிச் செடி. பசுமைப் பெட்டித் திட்டத்தின் செயலர் சாருமதி தலைமை. ஞானதிரவியம் செண்பகவல்லி சொல்லி முடிக்கும் வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா செண்பகம்," என்றார் கடைசியில், அடிபட்ட குரலில். "உன் தீசிஸையே நீயே கேவலப்படுத்தலாமா? நான் உன்ன என் பொண்ணு மாதிரிதான வச்சிருந்தேன்."

"சார், உங்க பொண்ணுக்காவது புதுக் குச்சி வாங்கிக் குடுத்துருப்பீங்க."

சாருமதி புன்னகையை முந்திரியால் மறைத்தார். "இப்ப என்ன செய்யலாம்ங்கிறீங்க டாக்டர்?"

"பழைய தொழிற்சாலையத் திறங்க. இல்லேன்னா உலோகம் வேணும்னு ஒத்துக்கிட்டுச் சட்டத்தத் திருத்துங்க. அது வரைக்கும் வெளியிலருந்து மருந்து வாங்குங்க. ஜனங்க விழுந்துக்கிட்டு இருக்காங்க மேடம்."

"இந்தச் சட்டமே இந்த ஒரு மருந்தக் காட்டித்தான் வந்துச்சு. நாலு மாநிலம் இதப் பாத்து அப்படியே எடுத்துருக்கு. இப்பப் போயி எங்க மூஞ்சில நாங்களே கரியப் பூசிக்கணுமா?" சாருமதி பேராசிரியர் பக்கம் திரும்பினார். "சார், ஒரு சந்தேகம். இந்தக் குச்சி மருந்துல சேருதா, பாத்திரத்துல சேருதா?"

ஞானதிரவியத்தின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. நாற்பது வருட அனுபவத்தில் அவருக்குப் பிடிபட்ட ஒரே வேதிவினை அதுதான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. "பாத்திரந்தான் மேடம். சந்தேகமே இல்ல. குடுவை மாதிரி, மூடி மாதிரி."

"சட்டத்துல பாத்திரத்தப் பத்தி ஒரு வரியும் கிடையாது," என்றார் சாருமதி. "அப்போ குச்சிய முதல்லயே உலோகத்துல ஊறவச்சுப் பெட்டிக்கு அனுப்புனா?"

"மருந்து சுத்தமான பசுமை முறைதான், மேடம்."

"பெட்டியில ராத்திரி பகலா ஓடுனா அந்தக் குச்சி கொஞ்ச நாள்தான் தாங்கும்," என்றாள் செண்பகவல்லி. "திரும்பத் திரும்ப ஊறவைக்கணும். அதுக்குப் பழைய தொழிற்சாலைய விட மோசமான கரைப்பான் வேணும். மாநிலத்துல இருக்குற அத்தனை பெட்டிக்கும்."

"அது பாத்திரத் தொழில்," என்றார் சாருமதி. "நம்ம துறை இல்ல. நிபுணர்னு உங்க ஒப்புதல் இருந்தா அடுத்த வாரமே மருந்து வந்துரும். நீங்க யோசிச்சீங்கன்னா, இன்னொரு குழு போடணும். அவங்க எப்ப முடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கும் உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

அறையில் இருந்த அத்தனை பேரையும் செண்பகவல்லி ஒரு சுற்றுப் பார்த்தாள். வெட்கம் கெட்ட கூட்டம். துளசிச் செடிக்குக்கூட இவர்கள் நடுவில் இருக்கக் கூசியிருக்கும். எழுந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வெளியே நடந்திருக்கலாம். வார்த்தைகள் தயாராகவும் இருந்தன. ஆனால் அவள் கண்ணுக்குள் வந்தது தாழ்ப்பாள் கழற்றிய குளியலறைக் கதவு. அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டபோது வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். நிம்மதியாக இருந்தது. முந்திரி கூட ஒன்று எடுத்தாள்.

சொன்னபடி மருந்து வந்தது. வளையம் மூடியிருந்தது, அவளே சோதித்தாள். சீனிராஜுக்கு வலிப்பு நின்றது. பைக் சாவி திரும்பக் கிடைத்தது. பசுமைத் தந்தைக்கு இன்னொரு விழா நடந்தது. சில மாதம் கழித்து, குச்சிகள் எங்கே ஊறுகின்றன என்று நேரில் பார்த்து அறிக்கை தரும்படி அவளுக்கு உத்தரவு வந்தது. யாருக்கும் அக்கறை வந்துவிடவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கார் ஊரைத் தாண்டிப் போய் நின்ற இடம் அவளுக்குத் தெரிந்த இடம். பூட்டிய அதே பழைய தொழிற்சாலை. அதே புகைக்கூண்டு, அதே ஆட்கள். வாசலில் பலகை மட்டும் புதுசு: பாத்திர அலகு. நெடி கேட்டுக்கு வெளியிலேயே கண்ணைக் கரித்தது. மேனேஜர் குருசாமி ஓடி வந்து வரவேற்று, தொட்டிகளைக் காட்டினார். கூடை கூடையாக வெள்ளைக் குச்சிகள் உள்ளே போயின, கறுப்பாக வெளியே வந்தன. அவற்றை அலசிக்கொண்டிருந்த பெண்களின் விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"முன்னாடி இங்க கழிவுநீரச் சுத்தம் பண்ற பிளான்ட் ஒண்ணு இருந்துச்சே," என்றாள்.

"அது மருந்துக் கம்பெனியா இருக்கையில வேணும்னாங்க மேடம். இப்ப நாம பாத்திரந்தான. கழட்டி எடைக்குப் போட்டாச்சு."

"அப்போ தண்ணி எங்க போகுது?"

குருசாமி பின்பக்கம் கை காட்டினார். ஓடை வழியாகக் கண்மாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. கண்மாயின் ஓரம் தொழிலாளர் குடியிருப்பு. "பாத்திரம் கழுவுற தண்ணிதான மேடம்," என்றார் அவர், உண்மையாகவே அவள் எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமல். "எல்லா வீட்டுலயும் வெளியதான விடுறாங்க."

பழைய தொழிற்சாலை அழுக்குத் தொழிற்சாலைதான். ஆனால் அது தன் அழுக்கை அழுக்கு என்று ஒத்துக்கொண்டு, கொஞ்சமாவது வடிகட்டி விட்டது. செண்பகவல்லி வேப்பமரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தாள். அலசிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, பேச்சித்தாய் என்று குருசாமி கூப்பிட்டார், ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்கம்மா. வெயிலு."

"இது எங்க எடுத்த தண்ணி?"

"இங்கனக்குள்ள போர்தான்."

"வேண்டாம்மா. கார்ல பாட்டில் இருக்கு."

பேச்சித்தாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "வெளிய இருந்து வாரவுக யாரும் குடிக்க மாட்டாக," என்றாள். அப்புறம், "இந்தக் குச்சி எதுக்குன்னு மேனேசரக் கேட்டா பாத்திரம்ங்காரு. இத வச்சு என்னத்தத்தான் சமைக்காக?"

"மருந்து. வலிப்புக்கு."

"யாரு சாப்புடுதாக?"

ஆயிரக்கணக்கான நோயாளிகள், பொதுமக்கள், மாநில மக்கள் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். "எங்க வீட்டுக்காரரு," என்றாள் செண்பகவல்லி.

"இப்ப நல்லாருக்காகளா?"

"நல்லா இருக்காரு."

"ம்," என்றாள் பேச்சித்தாய். அந்தத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அண்ணாந்து தானே குடித்தாள். குடித்து முடித்து, சேலை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டே செண்பகவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. விழா மேடையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு செண்பகவல்லி உட்கார்ந்திருப்பாளே, அப்போது பார்க்கும் பார்வை. அதை இந்தப் பக்கத்தில் இருந்து அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பேச்சித்தாய் காலி டம்ளரோடு தொட்டிக்குத் திரும்பி, அடுத்த கூடையை இழுத்து வைத்து அலச ஆரம்பித்தாள்.